பெயர், பெற்றோர், நிறம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சாவியால் கிடைத்தது.

உருவகமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சாவிதான், கைக்கணினித் திரையில் தெரிந்த சாவிப் படம். பிழைப்புக்கு நான் மென்பொருள் கையேடுகள் எழுதுகிறவன். 'பச்சைப் பொத்தானை அழுத்தவும், திரை மாறும்வரை பொறுத்திருக்கவும்' என்பதுதான் என் தொழில்முறை உரைநடை. போன வருடம் செப்டம்பரில், பக்கவாதத்தால் பேச்சு தடைப்பட்டவர்களுக்கான ஒரு செயலிக்குக் கையேடு எழுத வேண்டி வந்தது. நேரில் பார்த்து எழுதச் சொல்லி புனேயின் ஔந்தில் ஒரு பேச்சுப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள்.

செயலி எளிமையானது. திரையில் ஒரு படம் வரும், பார்ப்பவர் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். மாம்பழம், குடை, கடிகாரம் என்று இருபது படங்கள். எந்த மொழி என்பதை முன்பே தேர்ந்துகொள்ளலாம்.

அன்று திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் தேவநேசன். அறுபத்தாறு வயது, தேய்த்த சட்டை, மடியில் அசையாமல் கிடந்த வலது கை. பக்கத்தில் அவர் மனைவி சத்தியவதி. எதிரே பயிற்சியாளர் வைஷாலி, மராத்திக்காரப் பெண். தேர்ந்த மொழி தமிழ்.

மாம்பழத்துக்குப் பதில் இல்லை. குடைக்கு இல்லை. கடிகாரத்துக்கு அவர் தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார், சொல் வரவில்லை. அடுத்தது சாவி.

"சாவி" என்றார் தேவநேசன், தெளிவாக.

சத்தியவதி எழுந்தே நின்றுவிட்டார். "பாத்தியா பாப்பா? தமிழ் வந்துட்டு!"

வைஷாலி தயங்கி இந்தியில் சொன்னாள்: "ஆன்ட்டி, சாவி மராத்தி வார்த்தை. அங்கிள் மராத்தியில் சொல்லியிருக்கிறார்."

"எங்க சாயர்புரத்துல பொறந்த பிள்ளைக்கும் சாவின்னா சாவிதான்!"

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கைபேசியில் தேடிப் பார்த்துச் சொன்னேன்: "ரெண்டுமே இல்லைங்க. போர்ச்சுக்கீசியர்கள் கொண்டு வந்த வார்த்தை. ரெண்டு மொழியும் அவங்ககிட்ட வாங்கியிருக்கு."

"அப்போ அவிய போர்ச்சுக்கீசு பேசுதாவன்னு சொல்லுதீங்களா தம்பி?" என்றார் சத்தியவதி. சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

வைஷாலி மொழியை மராத்திக்கு மாற்றி, முதல் படத்திலிருந்து ஆரம்பித்தாள். "ஆம்பா" என்றார் தேவநேசன் மாம்பழத்தைப் பார்த்து. குடைக்கு "சத்ரி". இருபதில் பதினொன்று சொன்னார். ஆறாவதிலேயே சத்தியவதி உட்கார்ந்துவிட்டார். பதினொன்றாவது வரும்போது அவர் திரையைப் பார்க்கவில்லை, தன் கணவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையேட்டில் இதை எழுத இடமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

'1753ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஒருவர், ஒரு பூச்செடிக்கு ஜெர்மனிக்காரி என்று பெயரிட்டபோது, அது ஜெர்மனியில்...' (இதை சத்தியவதிக்கு வாசித்துக் காட்டினேன். "யாரு தம்பி அவரு? நம்ம கதைக்கு எதுக்கு வாராரு?" என்றார்.)

'ஜூன் மாதத்தின் முதல் மழை கிர்க்கியின் ஓட்டுக்கூரைகளில்...' (மழையில் தொடங்கிய என் கதைகள் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன. மூன்றும் முடியவில்லை.)

'தேவநேசன் விழுந்தபோது அவர் கையில்...' (கையில் என்ன இருந்தது என்று தெரியாது. சத்தியவதி அப்போது மாவரைக்கும் கடைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது தேவநேசன் பூந்தொட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார். பார்க்க ஓய்வெடுப்பதுபோல் இருந்ததாம். "எந்திரிங்க, துணி ஈரமாவுது" என்றாராம் சத்தியவதி. அதற்கு அவர் பதில் சொல்ல முயன்றதைப் பற்றிச் சொல்லும்போது சத்தியவதி நிறுத்திக்கொண்டார். நானும் நிறுத்திக்கொள்கிறேன்.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவை அவர்களுடைய உண்மைப் பெயர்கள் இல்லை. "எழுதிக்கிடுங்க, பேர மட்டும் மாத்திருங்க" என்று சத்தியவதி கேட்டுக்கொண்டார். முதலில் அவருக்கு கிரிஜா என்று வைத்தேன். "எங்க சபையில கிரிஜான்னு யாரு இருக்கா?" என்று தள்ளிவிட்டார். சத்தியவதி என்றதும் கொஞ்சம் யோசித்து, "சரி, எங்க கணக்கு டீச்சர் பேரு. நல்லவங்க" என்றார். ஆளுக்குப் பொருந்தாத பெயரை ஆள் சும்மா விடுவதில்லை. செடிகளுக்குத்தான் அந்த வசதி இல்லை.

3

தேவநேசனின் அப்பா தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்திலிருந்து புனேயின் கிர்க்கிக்கு ராணுவப் பண்டகசாலையில் எழுத்தராக வந்தவர். தேவநேசன் பிறந்ததே கிர்க்கியில்தான். வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், மீதி நேரமெல்லாம் தெருவில் மராத்தி. போசரியில் பற்சக்கரம் செய்யும் கம்பெனி ஒன்றில் வரைவாளராகச் சேர்ந்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றார்.

1989இல் சாயர்புரத்திலிருந்து சத்தியவதியைக் கட்டிக்கொண்டு வந்தார். வந்த மூன்றாம் நாள் சத்தியவதி கேட்ட வாக்கியம் இது: "சத்யா, அந்த பால்டிய எடு, பாணி ஊத்தணும்." பால்டி என்றால் வாளி, பாணி என்றால் தண்ணீர் என்று புரிவதற்குள் அவரே எழுந்து போய் ஊற்றிவிட்டார். மாப்பிள்ளை நல்ல மாதிரி, ஆனால் பேசுவது அவியல் மாதிரி என்று சத்தியவதி அக்காவுக்குக் கடிதம் எழுதினார்.

முப்பத்தைந்து வருடத்தில் சத்தியவதிக்கும் அந்த அவியல் பழகிவிட்டது. ஒரு பள்ளி அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றார். ஆங்கிலம் வரும், காய்கறிக்காரரிடம் பேசும் அளவுக்கு இந்தி வரும். மராத்தி மட்டும் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. மின்வாரியம், வீட்டுவரி, பக்கத்துவீட்டுச் சண்டை எல்லாவற்றுக்கும் மராத்தி பேச வீட்டில் ஓர் ஆள் இருந்தார்.

பூ வந்தது 2012இல். கம்பெனி நண்பர்களோடு ஸ்ரீநகர் போன தேவநேசன், ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தின் ஓரம் நட்டிருந்த வெள்ளைப் பூக்களைப் பார்த்து நின்றுவிட்டார். நீளத் தண்டு, வாள்போல இலை. மூன்று இதழ் மேல்நோக்கி நிற்கிறது, மூன்று இதழ் கீழே தொங்குகிறது, தொங்கும் இதழ்களின் நடுவே மஞ்சள் மயிர்க்கோடு. தாடி. தேனீக்கு வழிகாட்ட. மற்றவர்கள் படகில் போக, இவர் ஒரு நாற்றுப் பண்ணையைத் தேடிப் பிடித்து, இஞ்சி மாதிரியான மூன்று கிழங்குகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார்.

ஐரிஸ் என்பது அதன் உலகப் பெயர். தமிழில் அதற்குப் பெயர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சத்தியவதி தாடிப்பூ என்கிறார், நானும் அப்படியே சொல்கிறேன்.

மூன்று வருடம் இலைதான். அதற்கு நல்ல குளிர் வேண்டும். புனேயின் குளிர் நமக்கு ஸ்வெட்டர் போடப் போதும், அதற்குப் போதாது. நான்காம் வருடம் தேவநேசன் ஒரு தொட்டியை வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். மாவுச் சட்டி வெளியே, மண் சட்டி உள்ளே. சத்தியவதி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தேவநேசன் மார்க்கெட் யார்டில் ரமேஷ் என்ற பூ மொத்த வியாபாரியைப் பிடித்தார். ரோஜாவும் சாமந்தியும் வைக்கும் குளிர் அறையில் ஒரு மூலை, எரிந்துகொண்டிருக்க ஒரு குழல்விளக்கு. நவம்பர் கடைசியில் தொட்டிகள் அங்கே போகும், எட்டு வாரம் கழித்து வீடு திரும்பும். மார்ச்சில் பூக்கும்.

2020 மார்ச்சில், ஊரே கதவடைத்திருந்தபோது, காஷ்மீர் வெள்ளையின் பூவில் ஹிமாசலத்திலிருந்து வரவழைத்த ஓர் ஊதாவின் மகரந்தத்தைப் பல்குச்சியால் தடவினார். பத்தொன்பது விதை. முளைத்தது நான்கு, தங்கியது ஒன்று. அந்த ஒன்று நாலரை வருடம் இலையாகவே நின்றது.

4

(கட்டுரைபோல ஒரு பகுதி. அவசரமென்றால் தாண்டிப் போகலாம், ஆனால் சத்தியவதி தாண்டவில்லை.)

தேவநேசன் ஒரு நோட்டு வைத்திருந்தார். அவர் விழுந்த பிறகுதான் சத்தியவதி அதைத் திறந்தார். செடிகளுக்கு என்ன உரம், எப்போது தண்ணீர் என்று பார்க்கத்தான். பாதி நோட்டு செடிகளின் பூர்வீகமாக இருந்தது.

தோட்டங்களில் வளரும் உயரமான தாடிப்பூ எதுவும் காட்டுச் செடி இல்லை. அதன் முன்னோர்களில் முக்கியமானவை இரண்டு. ஏட்ரியாட்டிக் கடலையொட்டிய மலைகளில் ஒரு வெளிர் ஊதா. ஹங்கேரி, பால்கன் பக்கங்களில் ஒரு மஞ்சள், அதன் தொங்கும் இதழ்களில் செம்பழுப்பு நரம்போட்டம். இரண்டும் எங்கெங்கோ பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தன. மீதியைத் தேனீக்கள் பார்த்துக்கொண்டன. பிறந்த பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒரு தினுசு.

அறிஞர்களுக்கு இது தெரியாது. ஒவ்வொரு தினுசையும் தனித்த காட்டினம் என்று எண்ணி லத்தீனில் பெயர் வைத்தார்கள். ஒன்று அமோனா, இனியவள். ஒன்று பிளிக்காட்டா, மடிப்புக்காரி. மங்கலான நிறத்தில் இருந்த ஒன்றுக்கு ஸ்குவாலென்ஸ், அழுக்கு. இன்னொன்றுக்கு நெக்லெக்டா, கவனிக்கப்படாதவள். பிற்பாடு அந்த ஊதாவையும் மஞ்சளையும் கையாலேயே ஒட்டவைத்துப் பார்த்தபோது இந்தத் தனி இனங்களெல்லாம் ஒரே தொட்டியில் உடன்பிறப்புகளாக முளைத்தன. பெயர்கள் பதவி இழந்தன. அவற்றில் சில இன்று நிறக்கோலங்களைக் குறிக்கும் சொற்களாக மட்டும் பிழைத்திருக்கின்றன. பிறகு துருக்கி, சிரியா, காஷ்மீர்ப் பக்கத்துப் பெரிய பூக்கள் வந்து கலந்து, இன்றைய பூ உருவானது. ஜெர்மனிக்காரி என்று பெயர் வாங்கியதும் கலப்புதான் என்கிறார்கள். அதன் காடு எது என்று இன்றும் உறுதியாகத் தெரியாது.

'நெக்லெக்டா, கவனிக்கப்படாதவள்' என்ற வரிக்குப் பக்கத்தில் தேவநேசன் பென்சிலால் தமிழில் ஒரு சொல் எழுதியிருந்தார்: 'பாவம்'.

ஞாயிறு பள்ளியில் வேதம் வாசிக்கக் கற்ற, கோணல் மாணலான தமிழ் எழுத்து. அதைப் பார்த்துவிட்டு சத்தியவதி அடுத்த பக்கம் திருப்பக் கொஞ்ச நேரமாயிற்று.

5

வைஷாலியின் கருத்து தெளிவாக இருந்தது. இருப்பதிலிருந்துதான் கட்ட வேண்டும், மராத்தியில் சொல் இருக்கிறது, மராத்தியில் பயிற்சி கொடுப்போம். சத்தியவதியின் கருத்தும் தெளிவாக இருந்தது. "அவிய தாய்மொழி தமிழ். தமிழ்லயே சொல்லிக்குடு பாப்பா." ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள் ரெனிட்டா தொலைபேசியில் சொன்னாள்: "அம்மா, டாடிக்கு எது ஈஸியோ அது பண்ணு. ப்ளீஸ்."

"மராத்தில பேசுனா ஊருக்கெல்லாம் பேசுவாவ. எங்கிட்ட யாரு பேசுவா?" என்றார் சத்தியவதி.

செப்டம்பரும் அக்டோபரும் தமிழிலேயே போயின. தேவநேசன் திரையைப் பார்ப்பார், உதடு ஒரு வடிவத்துக்கு வரும், அப்படியே நின்றுவிடும். சிலநாள் கைக்கணினியைத் தள்ளிவிடுவார். நான் கையேட்டை முடித்துக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் சனிக்கிழமைகளில் கிர்க்கிக்குப் போய்வந்தேன். கதைக்காக என்று சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு காலை தேவநேசன் "தண்டி" என்றார்.

குளிர். அந்தச் சொல் சத்தியவதிக்குத் தெரியும், இந்தியிலும் அதேதான். சால்வை எடுத்துப் போர்த்தினார். தேவநேசன் சால்வையைத் தள்ளினார். "தண்டி." ஜன்னலை மூடினார். "தண்டி!" காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தார். மருத்துவரைக் கூப்பிட்டார், அவர் வந்து ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனார். அன்று ராத்திரி வரை தண்டி, மறுநாளும் தண்டி. ஒருமுறை கோபத்தில் இடது கையால் சால்வையைத் தரையில் எறிந்தார். சத்தியவதியும் கோபமாகப் பேசினார். பேசிவிட்டுச் சமையலறையில் போய் நின்றார்.

மூன்றாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் சிமென்டுத் தரையில் எதுவோ உரசும் சத்தம். வந்து பார்த்தார். தேவநேசன் கைத்தடியை எங்கோ போட்டுவிட்டு, சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு, நல்ல காலால் ஒரு தொட்டியை வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு தள்ளு, ஒரு மூச்சு. ஒரு தள்ளு, ஒரு மூச்சு.

"ஐயோ," என்றார் சத்தியவதி. "செடிக்குக் குளிரு வேணுமா?"

தேவநேசன் சுவரில் சாய்ந்தபடி தலையை ஆட்டினார், பலமுறை.

"நான் ஒரு மட்டி. மூணு நாளா உங்களுக்குப் போத்திக்கிட்டு இருக்கேன்."

6

ஆறு தொட்டிகள், இரண்டு ரிக்‌ஷாக்கள். மார்க்கெட் யார்டுக்கு சத்தியவதி அதற்குமுன் போனதில்லை. விசாரித்து விசாரித்து ரமேஷின் கடையைக் கண்டுபிடித்தபோது, சாமந்தி மூட்டைகளுக்கு நடுவில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் எழுந்து வந்து தொட்டிகளைப் பார்த்தார், பிறகு சத்தியவதியைப் பார்த்தார். "வஹினி?" என்றார். அண்ணி.

ரமேஷுக்கு விஷயம் தெரியாது. எங்கே காணோம் என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தாராம். சத்தியவதி தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி முடித்ததும், அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ சொல்லிவிட்டு, தானும் ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வருடத்துக்கு ரெண்டு தடவைதான் வருவார் வஹினி. வந்தால் மூன்று மணி நேரம் பேசுவார். என் கடைப் பையன்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு நிற்பார்கள். அப்படிச் சிரிக்க வைப்பார்."

சத்தியவதிக்கு அது புதுச் செய்தி. வீட்டில் தேவநேசன் அதிகம் பேசுகிறவர் இல்லை, சிரிக்க வைக்கிறவரும் இல்லை.

"என்ன பேசுவாவ?" என்று கேட்டார்.

"எல்லாம். மேனேஜரைப் போலப் பேசிக் காட்டுவார். நீங்கள் ஃப்ரிட்ஜுக்காகச் சண்டை போட்டதைச் சொல்வார். கிளம்பும்போது மட்டும், நேரமாகிவிட்டது, ஆமச்ச குடும்ப் காத்திருக்கும் என்பார்."

"குடும்பா?"

ரமேஷ் கொஞ்சம் வெட்கப்பட்டார். பழைய ஆட்கள் மனைவியைப் பெயர் சொல்லிப் பேசமாட்டார்கள், எங்கள் குடும்பம் என்பார்கள். குடும்ப் என்றால் பெண்டாட்டி என்று விளக்கினார்.

குளிர் அறைக் கதவைத் திறந்து தொட்டிகளை மூலையில் வரிசையாக வைத்தார்கள். சத்தியவதி உள்ளே ஒரு நிமிடம் கூடுதலாக நின்றார். வீட்டுக்கு வெளியே, தனக்குத் தெரியாத பாஷையில், வருடக்கணக்காகத் தன் கணவர் தன்னைக் குடும்பம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கைவிரல் விறைக்கும்வரை நின்றுவிட்டு வெளியே வந்தார்.

ரிக்‌ஷாவிலிருந்தே வைஷாலிக்கு போன் செய்தார். "பாப்பா, மராத்திலயே சொல்லிக்குடு."

7

இங்கே எனக்கு சத்தியவதி மேல் சந்தேகம் வந்தது. இரண்டு மாதம் பிடிவாதமாக இருந்த மனுஷி, ஒரு குளிர் அறையில் ஒரே ஒரு சொல்லைக் கேட்டு மனம் மாறுவாரா? எழுதுகிறவர்களுக்குப் பிடித்த மாதிரியான திருப்பம் இது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. கேட்டேன்.

"நீங்க வேற தம்பி. மூணு நாளா ஒரு மனுசன் குளிருன்னு சொல்லுதாவ, எனக்கு அந்தச் சொல்லு புரியுது. சொல்லு புரிஞ்சும் அவிய சொன்னது புரியலயே. அப்பமே முடிவு பண்ணிட்டேன். தமிழோ மராத்தியோ, வாயில வாரத நாமதான் பின்னாலேயே போய்ப் புடிச்சாவணும். குடும்பு கிடும்பெல்லாம் பொறவுதான்."

(ஆக, நான் எழுதிய ஆறாம் பகுதியின் கடைசியில் காரணம் சற்று இடம் மாறியிருக்கிறது. திருத்தலாம். குளிர் அறையில் அவரை நிற்க வைத்துவிட்டேன், வெளியே கூட்டிவர மனமில்லை. நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.)

முடிவு எடுத்த பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. வைஷாலியிடம் கேட்டு அதே செயலியைத் தன் கைபேசியில் போட்டுக்கொண்டார். காலையில் காபி குடித்ததும் இருவரும் மேசையில் உட்கார்வார்கள். திரையில் படம் வரும். இப்போது பதில் சொல்ல வேண்டியவர் சத்தியவதி.

முதல் நாள் இருபதுக்கு நான்கு. அதில் சாவியும் ஒன்று. கடிகாரத்துக்கு "கடியார்" என்றார். தேவநேசன் நிமிர்ந்து பார்த்தார். "கட்யாள்" என்றார், கடைசி எழுத்தை அழுத்தி. சத்தியவதி மறுபடி தப்பாகச் சொன்னார். அவர் மறுபடி திருத்தினார். நாலாம் தடவை சத்தியவதி வேண்டுமென்றே தப்பாகச் சொன்னதாக என்னிடம் ஒப்புக்கொண்டார். "எப்பிடியாவது இன்னொரு தடவ பேசுவாவள்லா?"

டிசம்பர் முடிவதற்குள் தேவநேசன் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கினார். டீ வேண்டாம். வெளியே போகலாம். மராத்தியில் 'இத்தே பஸ்' என்றால் இங்கே உட்கார் என்று அர்த்தம். இதை முதல் தடவை கேட்டபோது நான் ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தேன். தேவநேசன் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது.

கையேட்டின் அடுத்த பதிப்பில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லிக் கேட்டேன்: 'வீட்டில் உள்ளவரும் பதிலளிக்கலாம், பயனர் அவரைத் திருத்தலாம்.' பரிசீலிப்பதாகச் சொன்னார்கள்.

8

ஜனவரி கடைசியில் தொட்டிகள் வீடு திரும்பின, இம்முறை ரமேஷின் டெம்போவில். ரமேஷும் வந்தார், இரண்டு மணி நேரம் தேவநேசனின் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். தேவநேசன் பத்துச் சொல்லுக்குமேல் பேசவில்லை. ஆனால் கிளம்பும்போது இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்திருந்தார்கள். சத்தியவதிக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை ரமேஷிடம் இந்தியில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மார்ச் இரண்டாம் வாரம், விதையில் முளைத்துத் தங்கிய, பெயரில்லாத அந்தச் செடி தண்டு விட்டது. ஐந்து வருடத்தில் முதல் தடவை. ஒரு வெள்ளிக்கிழமை காலை மொட்டு பிரிந்தது.

அழகான பூ என்று எழுத ஆசைதான். போய்ப் பார்த்தேன். மேல் இதழ்கள் முழு வெள்ளையும் இல்லை, ஊதாவும் இல்லை. தொங்கும் இதழ்களில் ஒரு மங்கிய சாயம் திட்டுத்திட்டாக இறங்கியிருந்தது. தாடி மட்டும் நல்ல மஞ்சள். "வெள்ள வேட்டியில நாவப்பழம் சிந்துனாப்ல இருக்கு" என்றார் சத்தியவதி. "அந்தக் காலத்து ஆளு யாராச்சும் பாத்திருந்தா இதுக்கும் அழுக்குன்னுதான் பேரு வச்சிருப்பான்." சொல்லிக்கொண்டே இதழில் ஒட்டியிருந்த தூசியை ஊதினார்.

தேவநேசன் நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் போடச் சொல்லி உட்கார்ந்தார். மதியச் சாப்பாடும் அங்கேதான்.

9

புது ரகம் உண்டாக்கினால் அதைப் பதிவு செய்ய வெளிநாட்டில் ஒரு சங்கம் இருக்கிறது. ரெனிட்டா படிவத்தை அனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சத்தியவதி அதை எடுத்துக்கொண்டு பூவுக்கு முன்னால் தேவநேசனோடு உட்கார்ந்தார்.

பெற்றோர்: தாய், காஷ்மீர் வெள்ளை. தந்தை, பெயர் தெரியாத ஊதா. நிறம்: (நாவற்பழம் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார்.) பெயர்: இதுவரை யாரும் எந்தத் தாடிப்பூவுக்கும் வைக்காததாக இருக்க வேண்டும்.

இந்த இடத்துக்கு நான் மூன்று முடிவுகள் எழுதினேன். முதலாவதில் தேவநேசன் பூவைப் பார்த்து "சத்யா" என்கிறார். சத்தியவதி அதைக் கேட்டுவிட்டு, "அப்பிடி நடக்கலயே தம்பி" என்றார். அவர் குரலில் இருந்ததைக் கேட்டபின் அதைக் கிழித்துவிட்டேன். இரண்டாவதில் நோட்டில் பென்சிலால் எழுதிய 'பாவம்' என்ற சொல்லைத் தேவநேசன் வாயில் வைத்தேன். அது என் ஆசை, அவர் சொன்னதில்லை. மூன்றாவது, 'அந்த மாலையில் காற்று...' (இல்லை. அது காலை பதினொரு மணி.)

நடந்தது இதுதான். சத்தியவதி படிவத்தின் காலிக் கட்டத்தில் விரலை வைத்து, "நாவ்?" என்று கேட்டார். மராத்தியில் நாவ் என்றால் பெயர்.

தேவநேசன் பூவைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். நெடுநேரம் சத்தியவதியைப் பார்த்தார். பிறகு, பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு பெண்ணிடம் விசாரிப்பதுபோல, கூச்சமும் குறும்பும் கலந்த குரலில் கேட்டார்:

"துஜ நாவ் காய்?"

உன் பெயர் என்ன?

எனக்குத் தெரிந்தவரை இதற்கு மூன்று அர்த்தம் உண்டு. சொல் தடுமாறியிருக்கலாம். பூவின் பெயரைப் பற்றி ஏதோ சொல்ல வந்து வாய் வேறு வழியில் போயிருக்கலாம், இந்த நோயில் அது சகஜம் என்றாள் வைஷாலி. இல்லையென்றால், ரமேஷின் கடையில் எல்லோரையும் சிரிக்க வைத்த அந்த ஆள், முதல்முறையாகத் தன் மனைவியிடம் விளையாடியிருக்கலாம். அதுவும் இல்லையென்றால், கட்டத்தில் எழுத வேண்டிய பெயர் எதுவென்று அவருக்குத் தெரியும், சொல் மட்டும் கிடைக்கவில்லை. கிடைக்காத சொல்லை அது யாரிடம் இருக்கிறதோ அவரிடமே கேட்டிருக்கலாம்.

"இந்த மூணுல எது ஆன்ட்டி?" என்று போனில் கேட்டேன்.

"நான் கேக்கல."

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே?"

"கேட்டா அவிய பதில் தேடணும். எதுக்கு? ஒருத்தரு பேரு கேட்டா பேரச் சொல்லணும். மாஜ நாவ் சத்தியவதின்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"திருத்தல. அப்போ சரியாத்தான் சொல்லியிருக்கேன்." அப்புறம் சொன்னார்: "வெயிலு ஏறிச்சு. ரெண்டு பேருமா தொட்டிய நிழலுக்கு நகட்டுனோம். அவிய காலால, நான் கையால."

படிவத்தில் என்ன எழுதினார் என்றும் கேட்டேன். அதற்குள் அடுப்பில் குக்கர் விசில் அடித்தது, வைக்கிறேன் தம்பி என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் போகிறேன். படிவம் ஃப்ரிட்ஜின்மேல் கவிழ்த்து வைத்திருக்கிறது. கையை நீட்டினால் எட்டும். நான் எடுத்துப் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்குப் போகிறவர் நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தேநீர் கொடுப்பார்கள்.